கொதித்தால் தெளியும் கலங்கல்

மூத்திரத்தில் போகும் புரதத்துக்கு எங்கள் பக்கத்தில் உப்பு என்றுதான் பேர். மண்ணூரில் கேளுங்கள், தண்டலத்தில் கேளுங்கள், இதைத்தான் சொல்வார்கள். "காலு வீங்கிக்கினு கீது, உப்பு கீதான்னு பாக்கணும்" என்று பிள்ளைத்தாய்ச்சிகள் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு வருவார்கள். யார் முதலில் அப்படிச் சொல்லிவைத்தார்களோ தெரியாது. சர்க்கரை என்று ஒன்று இருந்ததால் அதற்கு ஜோடியாக உப்பு என்று வைத்துவிட்டார்கள் போல. அந்தப் புரதத்துக்கும் அடுப்பங்கரை உப்புக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அது தெரிந்தும் நானும் வருஷக்கணக்காக அதே வார்த்தையைத்தான் சொல்லிவந்தேன். அந்த ஒரு வார்த்தை என் வீட்டுக்காரியின் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

நான் படித்தது எட்டாவது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். லேப் பார்த்தவர் ஊருக்குப் போனார், போனவர் வரவில்லை. "பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, நீயே செய்யேன்" என்றார் பெரிய சிஸ்டர். அப்படித்தான் நான் லேப்காரன் ஆனேன். சர்க்கரைக்கு நீல மருந்து, உப்புக்கு நெருப்பு. டியூபில் முக்கால் வரைக்கும் மூத்திரத்தை ஊற்றி, கிடுக்கியில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கொதிக்கும்போது முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி கலங்கினால் ஆசிட் ரெண்டு சொட்டு. அதற்கப்புறமும் கலங்கல் நின்றால் உப்பு உண்டு. தெளிந்துவிட்டால் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரைக்கால் வைத்தியன்கூட இல்லை. ஆனால் இந்த ஒரு சோதனையில் என் கை தவறாது என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

என் வீட்டுக்காரி அதே ஆஸ்பத்திரியில் பிரசவ அறை ஆயா. வலியில் கத்துகிற பெண்ணைச் சிரிக்கவைத்துவிடுவாள். "கத்து, நல்லா கத்து, உம் புருசன் காதுல வுழட்டும், அடுத்த தபா யோசிப்பான்" என்பாள். கால் வீங்கி வருகிறவர்களுக்கு அவள் வைத்தியம் ஒன்று உண்டு. "உப்ப கொற, தண்ணிய கொற. உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான். தண்ணி குடிச்சவன் ஊதிப்புடுவான்." கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் அந்தக் கட்டடத்தில் டாக்டரம்மாவுக்கு அடுத்தபடி அவள் பேச்சுக்குத்தான் மரியாதை.

எழுபதுகளின் நடுவில், அவளுக்கு ஐம்பது இருக்கும், முதுகு வலி என்றாள். பிள்ளைத்தாய்ச்சிகளைத் தூக்கி இறக்குகிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம். தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். போகவில்லை. முகம் வெளுத்தது. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் காலையில் அவளே ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "நொர நொரயா போவுது. பாத்துச் சொல்லுயா."

அன்றைக்கு விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துகொண்டிருந்தது. திரி கருகிச் சின்னச் சுடர்தான் எரிந்தது. அதனால் டியூப் மெதுவாகச் சூடேறியது. அது கை பொறுக்காத சூடு வந்தபோதே உள்ளே கலங்கிவிட்டது. கஞ்சித் தண்ணீர் போல ஆகிவிட்டது. உப்பு கீதே என்று நினைத்துக்கொண்டே ஆசிட் பாட்டிலுக்குக் கை நீட்டினேன். அதற்குள் கொதி வந்தது. கொதி வந்ததும் கலங்கல் அப்படியே மறைந்து, கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. ஆசிட் விட வேண்டிய வேலையே இல்லை. சிரித்துவிட்டேன்.

"உப்பும் இல்ல, புளியும் இல்ல. போமே, போய் வேலைய பாரு."

"அப்ப நொர?"

"சோப்பு போட்டுக் கழுவியிருப்ப பாட்டில."

பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினேன். யாரோ கூப்பிட, டியூபைத் தாங்கியில் வைத்துவிட்டுப் போனேன். சாப்பிட்டு வந்து கழுவ எடுத்தால், ஆறிப்போன அந்த டியூப் மறுபடியும் கலங்கிக் கிடந்தது.

சூடுபட்டுக் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆசிட்டில் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். கொதித்தால் தெளிந்து ஆறினால் கலங்குகிற ஒன்றை அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. திரும்பக் கொதிக்கவைத்தேன். தெளிந்தது. ஆறவைத்தேன். கலங்கியது. மூன்று தரம் செய்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், டியூபில் அழுக்கு இருந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கொட்டிக் கழுவிவிட்டேன். பதிவேட்டில் எழுதிய 'இல்லை'யை அடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? உண்டு என்றா, இல்லை என்றா?

ஏழு வாரம் அப்படியே போயிற்று. ஏழு வாரமும் அவள் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கிறாளா என்று பயந்துகொண்டே இருந்தேன். கொண்டுவரவில்லை. இல்லை என்று சொன்னவன் நான்தானே, நம்பிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிரசவ அறையில் அன்றைக்குப் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் இருமினாள். வெறும் இருமல். விலாவில் பட்டென்று ஒரு சத்தம், அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. "மாதாவே" என்றாள். குழந்தையைக் கீழே விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வருகிற டாக்டரம்மா உள்ளேதான் இருந்தார். முப்பது வயது இருந்தாலே அதிகம். விலாவில் கட்டுப் போட்டுவிட்டு, "இருமினதுக்கு எலும்பு உடையுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டதும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. டியூப் விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "இப்பவே ஒரு பாட்டில்ல புடிச்சிட்டு வரச் சொல்லி, சூடு பண்ணிக் காட்டுங்க" என்றார்.

ஸ்டவ்வில் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் டியூபை நிறுத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டார். பாதரசம் ஐம்பதைத் தாண்டும்போது மார்கழி மாதத்து ஏரி மாதிரி உள்ளே மூட்டம் போட்டது. கொதி வந்ததும் விலகியது. இறக்கிவைத்தோம். ஆறும் வரைக்கும் காத்திருந்தோம். மூட்டம் திரும்பி வந்தது.

"இதுக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேரு வெச்சிருக்காங்க" என்று அந்தப் பேரைச் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. "நான் பாடத்துல படிச்சிருக்கேன். கண்ணால பாக்கறது இதான் முதல் தடவை."

"கொதிச்சதும் தெளிஞ்சிட்டுது டாக்டரம்மா. அதான் இல்லன்னு எழுதிட்டேன். ஏழு வாரம் ஆவுது."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "வேகமா கொதிக்க வெக்கறதால நிறைய பேர் இதைப் பாக்காமலே விட்டுடுவாங்க. நீங்க பாத்தீங்க. சொல்லத்தான் இல்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

பிறகு சொன்னார். எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது, அதில் ஒரு ஜாதி செல் இருக்கிறது. காய்ச்சல் கிருமி வந்தால் அதோடு சண்டை போடப் புரதம் செய்து அனுப்புவது அதன் வேலை. ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு தினுசு. அதில் ஒரு செல் கெட்டுப்போய், தன்னைப் போலவே பெருகி, எதிரி யாரும் இல்லாதபோதும் ஒரே புரதத்தைச் செய்து தள்ளிக்கொண்டிருக்கிறது. பெருகுவதற்கு இடம் வேண்டுமே, எலும்பை அரிக்கிறது.

எங்கள் ஊரைச் சுற்றிச் செங்கல் சூளைகள். எனக்கு அப்படித்தான் புரிந்தது. "வீடு கட்ற ஆளே இல்ல, ஆனா ஒரே அச்சுல கல்லு அறுத்துப் போட்டுக்கினே கீறான். அதானே?"

"அதேதான். அதுலயும் பாதி அரைக்கல்லு. சின்னதா இருக்கறதால கிட்னி வழியா ஒழுகி வெளிய வருது, அதைத்தான் நாம பாத்தோம். வர்ற வழியிலயே சேர்ந்து அடைச்சிக்கவும் செய்யும். அடைச்சா ஆள் போயிடுவாங்க. அதனால தண்ணி நிறைய குடிக்கணும், அது ரொம்ப முக்கியம். மெட்ராஸ்ல காட்டுங்க, லெட்டர் தர்றேன்."

"புத்து நோயா டாக்டரம்மா?"

"ஆமா" என்றார்.

வெளியே பெஞ்சியில் என் வீட்டுக்காரி விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னாயா சொல்லுது டாக்டரம்மா? மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

அந்தச் சமயத்தில் என் வாயில் வந்தது அதுதான். "உப்பு. கொஞ்சம் உப்பு கீதாம். எலும்பு வேற வீக்கா கீதாம். மெட்ராஸ்ல மாத்திர தருவாங்களாம்."

"தோடா! அவ்ளோதானா? நான் பாக்காத உப்பா?" என்று சிரித்தாள். சிரித்தது விலாவில் பட்டு முகம் சுளித்தாள்.

மெட்ராஸில் படம் எடுத்தார்கள். மண்டை எலும்பில் பூச்சி அரித்த மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. மார்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழக்கம். மாத்திரை தந்தார்கள். தண்ணீர், தண்ணீர் என்று அங்கேயும் சொன்னார்கள். "தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்க" என்று அவளிடம் சொன்னேன். "சரி சரி" என்றாள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே உப்பில்லாத கஞ்சி குடிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தனியாக உப்பு போட்டுக் குழம்பு. அவளுக்குத் தனிச் சட்டியில் உப்பு காணாத சோறு. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டேன். "இது அந்த உப்பு இல்லடி" என்று சொன்னால் "அப்புறம் எந்த உப்பு?" என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். உப்பில்லாமல் தின்பதால் உயிரா போய்விடும் என்று நினைத்தேன். தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை.

வாரத்துக்கு இரண்டு தரம் சோதித்தேன். கலங்கல் குறையவில்லை, கூடிக்கொண்டு போனது. பாட்டிலில் வருகிற அளவு குறைந்தது, நிறம் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆனது. மாத்திரை கேட்கவில்லை, அவ்வளவுதான், இவளைக் கொண்டுபோய்விடும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எதிரில் யாராவது குடம் சாய்த்தாலே சாவுச் சகுனம் என்று திடுக்கென்று இருக்கும். ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் காக்கா கத்தினால் எழுந்து போய் விரட்டுவேன்.

நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை. பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு, செத்துப் பல வருஷமான தன் தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "வெந்நி வெச்சியாடி?" என்றாள். உதடு வெடித்திருந்தது. நாக்கு காய்ந்த பனை ஓலை மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது.

"அம்மா, இங்க பாருங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க?"

கொஞ்சம் தெளிந்து பார்த்தாள். "அர சொம்பு. அதுவே ஜாஸ்தி."

"நிறைய குடிக்கச் சொல்லலையா?"

"சொன்னாரு. அவருக்கு இன்னா தெரியும், டியூப்ப ஆட்டத் தெரியும். எனக்கு உப்பு வியாதி டாக்டரம்மா. எத்தினி பொம்பளைங்களுக்கு நான் பத்தியம் சொல்லிக்கிறேன்! உப்பு தின்னவன்தான் தண்ணி குடிப்பான். நான்தான் உப்பே தின்றதில்லியே." அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

சிஸ்டர்களின் வேனில் ஏற்றினோம். பூந்தமல்லி தாண்டி மெட்ராஸ் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் தலை என் மடியில் கிடந்தது. ஈரத் துணியைப் பிழிந்து உதட்டில் விட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு சொட்டும் உள்ளே இறங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்தேன். அரைக்கல் வந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வழியை அடைத்தவன் நான். வேனில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மெட்ராஸில் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீரைத்தான் நரம்பில் ஏற்றினார்கள். கட்டிலுக்குக் கீழே மூத்திரம் இறங்குகிற பாட்டில் தொங்கியது. முதல் நாள் விரல் உயரம்கூட இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரவர் சாமியைக் கும்பிட்டார்கள். நான் குனிந்து குனிந்து அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் மஞ்சள் கோடு மெல்ல ஏறியது. சாயங்காலம் பாதிப் பாட்டில். நர்ஸ் எடுத்து மாற்றும்போது, "போவுது, நல்லாவே போவுது" என்றார்.

மறுநாள் அவளுக்குப் புத்தி தெளிந்தது. அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"உனக்கு கீறது உப்பு இல்ல."

"பின்ன?"

"எலும்புக்குள்ள... புத்து மாதிரி. அது ஒரு புரதத்த கக்குது, அதான் கலங்குது. நான்தான் பயந்துக்கினு உப்புன்னு சொல்லிட்டேன்."

மேலே சுற்றுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. டாக்டரம்மாவுக்கு. பெரிய சிஸ்டருக்கு. இங்க கீறவங்களுக்கு."

"நம்ம வேன் டிரைவருக்கு?"

"தெரியும்னு நெனைக்கிறேன்."

"ஊருக்கே தெரிஞ்சிக்கிது. வியாதிக்காரிக்கு மட்டும் தெரியல." என் பக்கம் திரும்பினாள். "யோவ், தொண்ட காஞ்சி கெடந்தேன்யா. பானையப் பாப்பேன், வாயக் கட்டிக்குவேன். உப்பு எறங்கிடும், எறங்கிடும்னு. வாயக் கட்டிக் கட்டி நானே என்ன சாவடிச்சிக்கினு இருந்துக்கிறேன். நீ எதுருல குந்திக்கினு கொழம்பு ஊத்தித் துன்னுக்கினு இருந்த."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல், முழுச் சொம்பையும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த இரண்டு நாள் எனக்கு வேனில் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம். பிழைத்தாலும் இவள் இனிமேல் என்னை நம்புவாளா என்று.

ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு, துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "இனிமே டியூப் இன்னா சொல்லுதோ, மொதல்ல எனக்குச் சொல்லணும். டாக்டரம்மாவுக்கு அப்புறம். கூட்டாம கொறைக்காம சொல்லணும். உப்புங்கற வார்த்த உன் வாயில வரக்கூடாது."

"சரி."

"சரின்னு சொன்னா பத்தாது. மாதா மேல சொல்லு."

சொன்னேன்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை காலைதோறும் அவள் லேப் ஸ்டூலில் வந்து உட்காருவாள். நான் மெதுவான சுடரில் காட்டுவேன், அவள் பக்கத்தில் குனிந்து பார்ப்பாள். மாத்திரை வேலை செய்தது. கலங்கல் கஞ்சியிலிருந்து மோரானது, மோரிலிருந்து நீர்மோரானது. சில வாரம் இருக்கிறதா இல்லையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முதுகு வலி தணிந்தது. பிரசவ அறைக்குத் திரும்பவும் போனாள், தூக்கி இறக்குவதை மட்டும் விட்டாள். கால் வீங்கிய பெண்களுக்கு அவள் சொல்லிவந்த வைத்தியத்தை நிறுத்திவிட்டாள். "டாக்டரம்மா வாயால கேட்டுக்கோ, என் வாயி பொல்லாத வாயி" என்பாள். எனக்கோ வியாழக்கிழமையே பயம் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை டியூப் ஆறுகிற அந்தப் பத்து நிமிஷம் அதைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். பழகிவிடும் என்றார்கள். பழகவே இல்லை.

இப்போது ரத்தத்திலேயே அந்த அரைக்கல்லை அளந்துவிடுகிறார்களாம். அந்தச் செல்லின்மேல் இருக்கிற புரதத்தைத் தேடிப்போய் அடிக்கிற மருந்துகூட வந்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். எங்களுக்கு இருந்தது ஒரு விளக்கும் ஒரு டியூபும்தான்.

மூன்று வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை, சூடு கைக்கு உறைப்பதற்குள்ளேயே டியூப் வெள்ளையாகிவிட்டது. கொதித்தும் முழுசாகத் தெளியவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கண் மங்கலாக இருந்தது. குனிந்து பார்த்தவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கையைத் தொட்டு, "இன்னா சொல்லுது?" என்றாள்.

கொஞ்சம்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. என் நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது.

"கலங்கிக்கினு கீது" என்றேன்.

"எவ்ளோ?"

"மொத நாள் பாத்தத விட ஜாஸ்தி."

தலையை ஆட்டிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது.

"சரி. வெளக்க அணைச்சிட்டு கையக் கழுவிக்கினு வா. டாக்டரம்மா வர்றதுக்குள்ள சாப்புட்டுடலாம்."